பலாவும் கருங்காலியும்

பலாவின் மஞ்சளையும் கருங்காலியின் கருப்பையும் ஒரே தளபாடத்தில் சேர்க்கும் கைவேலை இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே நடந்து வருகிறது. பலாப் பெட்டகத்துக்குக் கருங்காலி விளிம்பு வைத்தார்கள். முதிரைப் பலகைக்குக் கருங்காலிச் சட்டம் பூட்டினார்கள். இப்படியொரு மேசையைப் பார்ப்பவர்கள் முதலில் புகழ்வது அதன் நிறத்தை. எந்த நிறத்துக்கு எந்த நிறம் எடுக்கும் என்பதை ரசனையுள்ள எவரும் சொல்லிவிடலாம். காலநிலைக்கேற்ப வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் இரண்டு மரங்களை, ஒன்றையொன்று பிளக்காதபடி பல தலைமுறைக்குச் சேர்த்து நிறுத்துவது தேர்ந்த தச்சருக்கே முடியும். ஆகவே இந்தக் கலையின் தரத்தை மூட்டுகளை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

வெட்டி எத்தனை ஆண்டு ஆனாலும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நீளவாக்கில் அதன் அளவு மாறுவது கண்ணுக்கே தெரியாது, மாற்றமெல்லாம் அகலத்தில். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 3 அடி அகலமுள்ள பலாப் பலகை மாரிக்கும் கோடைக்கும் இடையே கால் அங்குலம் கூடிக் குறைந்தால் அதில் வியப்பில்லை. அந்தப் பலகையின் இரு தலைப்பிலும் குறுக்காகக் கருங்காலிச் சட்டம் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் தன் நீளத்தில் அசையாது. பலகை தன் அகலத்தில் அசைந்தே தீரும். இரண்டையும் முழு நீளத்துக்கும் பசை போட்டு இறுக்கினால் ஓரிரு கோடையிலேயே பலகை நடுவில் வெடிக்கும். விஷயம் தெரிந்த தச்சர் பலகையின் தலைப்பில் நாக்கு எடுத்து, சட்டத்தில் காடி வெட்டி, மர முளைகளால் பூட்டுவார். நடு முளைக்கு மட்டும் இறுக்கமான துளை. ஓரத்து முளைகளுக்காக நாக்கில் போடும் துளைகளைப் பலகை அசையும் திசையில் நீட்டி விடுவார். பசை படுவதும் நடுவில் ஒரு சாண் அளவுக்குத்தான். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே பலகை தாராளமாக நகரும். இந்த நீண்ட துளையைப் போலத் தச்சரின் அறிவைச் சொல்லும் பகுதி அந்த மேசையில் வேறு இல்லை.

மேற்பரப்பு வேலையிலும் இதே கதைதான். பலா மிருது, கருங்காலி கடினம். இரண்டையும் சேர்த்து உப்புத்தாள் போட்டால் பலா பள்ளமாகும், கருங்காலி மேடாகும். போதாததற்குக் கருந்தூள் பலாவின் பெரிய துளைகளுக்குள் இறங்கி மஞ்சளை அழுக்காக்கிவிடும். அதனால் இணைக்கும் முன்பே ஒவ்வொன்றையும் தனித்தனியே சீவி, கடைசி மெருகை எஃகுத் தகட்டால் சுரண்டி எடுக்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை. கூலி கூடுவதும் இதனால்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, சாயம் பூசினாலோ சன்மைக்கா ஒட்டினாலோ அதே கருப்புக் கோடு கிடைக்குமே என்று கேட்கலாம். முதல் நாள் பார்வைக்கு அது உண்மைதான். ஆனால் பூசிய சாயம் மேல்தோலோடு சரி. ஒரு கீறல் விழுந்தால் அடியிலுள்ள வெளிர்நிறம் எட்டிப் பார்க்கும். வைரம் பாய்ந்த கருங்காலியை எத்தனை முறை இழைத்தாலும் உள்ளேயும் கருப்பே. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மரத்தின் இயற்கை நிறமும் நிலைப்பதில்லையே? ஆம், வெளிச்சம் பட்டுப்பட்டுப் பலாவின் மஞ்சள் பழுப்பாகும். தேக்கையும் பலாவையும் சேர்த்தவர்கள் சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நிறத்துக்கு நெருங்கி வருவதைக் காண்பார்கள். அறுத்த அன்றைய நிறத்தை நம்பாமல், இருபது ஆண்டு கழித்து இருக்கப்போகும் நிறத்தை நினைத்து மரம் தேர வேண்டும் என்பதற்கு இது சான்று. கருங்காலி கருப்பாகவே நிற்பதால் பலாவோ முதிரையோ எவ்வளவு முதிர்ந்தாலும் வேறுபாடு தெரியும்.

அரிய மரங்களை அழிக்கும் ஆடம்பரம் இது என்ற குற்றச்சாட்டை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கருங்காலி இனத்தைச் சேர்ந்த கலமாண்டர் இலங்கைக்கே உரிய மரம். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மறுநடுகையைப் பற்றி நினைக்காமல் வெட்டித் தள்ளியதால் அது மிக அருகிப்போனதை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், இலங்கையைப் பற்றி 1859இல் வெளியான தம் நூலிலேயே வருந்தி எழுதினார். அதே நூற்றாண்டில் காலி நகரத்துப் பட்டறைகள் உள்ளூர் மரங்கள் பலவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, வட்ட மேசையில் கதிர்போலப் பதித்து விற்றன. அந்தக் கைத்திறன் அபாரம். ஆனாலும் அவை எனக்கு மரங்களின் மாதிரிப் பட்டியலாகவே தெரிகின்றன. கண் எங்கும் தங்குவதில்லை. இரண்டு மரம் போதும். அப்படி நிறுத்திக்கொண்டால் இந்தக் கலை சிக்கனமானதும்கூட. 6 அடி நீளத்துக்கு முழுக் கருங்காலி மேசை செய்ய ஒரு மரமே வேண்டும். பலா மேசைக்குத் தலைப்புச் சட்டம் வைக்க நான்கு விரல் அகலத் துண்டு இரண்டு போதும். கழித்த பழைய கட்டிலிலிருந்தும் அவற்றை எடுக்கலாம்.

ஆகவே நேயர்களே, வீட்டுக்கு மேசை செய்யக் கொடுக்கும்போது பலகையின் பளபளப்பை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணி வைத்துவிடாதீர்கள். ஓரத்து முளைகளுக்கு நீண்ட துளை போட்டிருக்கிறாரா, எங்கெங்கே பசை வைத்தார் என்று தச்சரிடம் பூட்டும் முன்பே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவருக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.