கேட்காததையும் கொடுப்பது பயணமே!

(தலைப்பு: உலகை நமக்கு அதிகம் அறிமுகம் செய்வது பயணமா, புத்தகமா, தொழில்நுட்பமா? கட்டுமாவடி மேடையில் ‘பயணமே’ அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே! புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அம்மையார் அவர்களே! கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி அவர்களே! இந்தக் கடற்காற்றோடு எங்கள் பேச்சையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டிருக்கிற கட்டுமாவடிப் பெருமக்களே, தாய்மார்களே!

தம்பி ஒரு சவால் விட்டார். ‘உலகத்தையே உள்ளங்கையில வச்சிருக்கேன். எதைக் கேட்டாலும் ரெண்டு நொடியில காட்டும். நீங்க எதுக்குங்கய்யா பஸ் பிடிச்சு, இடுப்பொடிஞ்சு அலையணும்?’னு கேட்டார். நல்ல கேள்வி. உங்க கருவி எதைக் கேட்டாலும் காட்டும், ஒத்துக்கறேன். ஆனா கேட்டாத்தானே தம்பி காட்டும்? கேட்கவே தெரியாததை எப்படிக் காட்டும்? (கைதட்டல்)

இன்னைக்குச் சாயங்காலம் இந்த ஊர் மீன் மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சேன். நான் தமிழ் வாத்தியார். மீனைப் பாட்டுல பார்த்தவன். ‘ஆத்தா, இது கிலோ என்ன விலை?’ன்னேன். அந்த ஆத்தா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ‘விலையை அப்புறம் கேளு தம்பி, மொதல்ல செவுளைத் தூக்கிப் பாரு’ன்னாங்க. பதிலா கொடுத்தாங்க? இல்லைங்க. நான் என்ன கேள்வி கேட்டிருக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க!

இந்த மண்ணுக்கே இது பழக்கம் நடுவர் அவர்களே. இதே மாவட்டத்துல இருக்கு ஆவுடையார்கோயில். அதுதான் திருப்பெருந்துறை. பாண்டியனுடைய மந்திரி வாதவூரர், அரசாங்கப் பணத்தை மூட்டை கட்டிக்கிட்டுக் குதிரை வாங்கக் கிளம்பினார். வழியில குருந்த மரத்தடியில ஒரு குருவைப் பார்த்தார், அங்கேயே நின்னுட்டார் என்பது வரலாறு. அன்னைக்கு அவர் கையில தம்பியோட கருவி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ‘நீங்கள் பாதை மாறிவிட்டீர்கள், திரும்புங்கள், திரும்புங்கள்’னு கத்தியிருக்கும்! (சிரிப்பு) குதிரை கிடைச்சிருக்கும். நமக்குத் திருவாசகம் கிடைச்சிருக்காது. (பலத்த கைதட்டல்)

அந்தக் கோயில் கொடுங்கையைப் பார்த்திருக்கீங்களா? கல்லுல செஞ்ச தாழ்வாரம். மரச்சட்டம் மாதிரி, கயிறு மாதிரி, ஆணி அடிச்ச மாதிரி எல்லாமே கல்லு. அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை மாதிரி மட்டும் எங்களால முடியாதுன்னு விலக்கு எழுதிக்குவாங்களாம். படத்துல பார்த்தா ‘சரி, ஒரு கூரை’ன்னு தள்ளிட்டுப் போயிடுவோம். கீழே நின்னு அண்ணாந்து, கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தாத்தான் அந்தச் சிற்பி ஏன் பயந்தான்னு தெரியும்.

அம்மையார் ‘புத்தகமே பெரிது’ன்னாங்க. நானும் புத்தகத்தால சோறு திங்கிறவன்தான், பழிக்க மாட்டேன். ஆனா அம்மா, உங்க புத்தகமே எப்படி வந்தது? 1880இல் கும்பகோணத்துல சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரைப் பார்த்து ‘சீவகசிந்தாமணி படிச்சதுண்டா?’ங்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். அதுக்கப்புறம் அந்த மனுஷன் வீட்டுல தங்கினாரா? ரயில்ல போனார், மாட்டு வண்டியில போனார், நடந்தும் போனார். மிதிலைப்பட்டிக் கவிராயர் வீட்டுல சுவடி கிடைச்சது. கரிவலம்வந்தநல்லூர்ல ‘நெய்யில தோய்ச்சு அக்கினியில போட்டாச்சு’ன்னு பதில் கிடைச்சது! 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறுன்னு வரிசையா அச்சுல வந்தது. பத்துப்பாட்டையும் 1889லேயே கொண்டுவந்துட்டார். அந்தப் பத்துல அஞ்சு ஆற்றுப்படை. அதாவது, போய்ட்டு வந்தவன் போகப் போறவனுக்கு வழி சொல்றது. நம்ம இலக்கியத்துல பாதிக்கு மூலப்பொருளே பாதம்தாங்க!

இன்னொருத்தரைச் சொல்லாம விட்டா செட்டிநாட்டுக்காரங்க என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க. கோட்டையூர் ஏ.கே.செட்டியார். 1911இல் பிறந்தவர். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் புகைப்படக்கலை படிச்சார். 1937 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்தநாள். அன்னைக்குக் கப்பல்ல போய்க்கிட்டிருக்கும்போது ஒரு யோசனை: காந்தியைப் பத்தி ஒரு படம் எடுத்தா என்ன? உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைஞ்சார். 1940இல் படம் வெளியாச்சு. தம்பி, நீங்க ‘காமிரா எங்க கட்சி’ன்னு சொல்லுவீங்க. சுருள் அவரைத் தேடி வரலையே, அவர்தானே தேடிப் போனார்? அந்தத் தமிழ்ப் படம் காணாமப் போயிடுச்சு. படம் எடுத்த கதையை அவர் எழுதி வச்சது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’னு புத்தகமா நிக்குது. இதுல அம்மையாருக்கு ஒரு மார்க் போட்டுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. (சிரிப்பு)

தம்பிக்கும் ஒண்ணு கொடுத்துடறேன். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தது. கடலுக்குப் போகாதேன்னு முன்கூட்டியே எச்சரிச்சது அறிவியல். அதனால உயிர் தப்பினவங்க இந்தக் கூட்டத்திலேயே இருப்பீங்க. அதைக் குறைச்சுப் பேசினா என் நாக்கு அழுகிடும். ஆனா மறுநாள் காலையில? கரண்ட் இல்லை, டவர் இல்லை, தென்னை மரம் ரோட்டுல படுத்திருக்கு. அக்கா வீட்டுக்கு ஓடு இருக்கா, மாமன் படகு மிஞ்சுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? மரத்தைத் தாண்டித் தாண்டி நடந்துதானேய்யா போனீங்க! (கைதட்டல்)

இதெல்லாம் சும்மா மேடைக்கணக்கு. நான் நிஜமா சொல்ல வந்தது வேற.

உலகம் சுற்றிய பெரியவங்க பேரைச் சொன்னேன். எல்லாம் ஆம்பிளைப் பேரு. கவனிச்சீங்களா? வாதவூரர், சாமிநாதையர், செட்டியார். பொம்பளைங்களுக்குக் கால் இல்லையா? இருந்துச்சு. போற உரிமை இல்லை.

1991, 92. புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறதோட, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கத்துக் கொடுத்தாங்க. ஒரு லட்சம் பெண்கள் கத்துக்கிட்டதா பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். கல் உடைக்கிறவங்க, வயல் வேலை செய்றவங்க, கிராம நர்சுங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம, பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தாங்க. அந்தப் பாருதான் வசதி, பிள்ளையை உட்கார வச்சுக்கலாமேன்னாங்க!

நான் அப்போ கல்லூரி மாணவன், அறிவொளித் தொண்டன். கேரியரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடினவன். ஒரு அக்கா, மூணு பிள்ளைக்குத் தாய். ‘அக்கா, ஓட்டக் கத்துக்கிட்டீங்க, எங்க போகப் போறீங்க?’ன்னு விளையாட்டாக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. ‘எங்கம்மா வீட்டுக்கு’ன்னாங்க. எத்தனை தூரம்னு கேட்டா ஏழே மைல்! ஏழு மைலுக்குப் புருஷன் மனசு வைக்கணும், மாமியார் சம்மதிக்கணும், கொழுந்தன் கூட வரணும், ரெண்டு பஸ் மாறணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து தனியாப் போனதே இல்லையாம்.

இப்ப எதிரணி ரெண்டும் குதிக்கும். ‘சைக்கிள் தொழில்நுட்பமாச்சே!’ம்பார் தம்பி. ‘பாடப் புத்தகமாச்சே!’ம்பாங்க அம்மா. தம்பி, சைக்கிள் என்ன 1991லயா இந்த மாவட்டத்துக்கு வந்தது? எத்தனையோ வருஷமா திண்ணையில சாத்தித்தான் கிடந்தது. அப்பன் ஓட்டினான், அண்ணன் ஓட்டினான். கருவி வீட்டுக்குள்ளேயே இருந்தும் அந்த அக்காவுக்கு அம்மா வீடு ஏழு மைல் தள்ளியேதான் இருந்தது. கிளம்பினப்பதான் கருவிக்கு உயிர் வந்தது. அம்மா, அறிவொளியில எழுத்துக் கத்துக்கிட்டவங்க எதை முதல்ல படிக்க ஆசைப்பட்டாங்க தெரியுமா? பஸ் போர்டுங்க! எந்த ஊருக்குப் போகுதுன்னு யாரையும் கேட்காம ஏறணும். எங்க அணிதான் உங்க அணிக்கு வாசகரையே சேர்த்துக் கொடுத்தது! (பலத்த கைதட்டல்)

இன்னைக்கு அந்த அக்காவோட பேத்தி கையில கைப்பேசி இருக்கு. லண்டன் தெரியுது, சிங்கப்பூர் தெரியுது. ஆனா ‘தனியா அறந்தாங்கிக்குப் போய்ட்டு வரேன்’னு சொன்னா, வீட்டுல எத்தனை பேர் ‘போயிட்டு வா தாயி’ங்கிறீங்க? கை தூக்குங்க பார்ப்போம்... ஐயா, முன்வரிசையில பாதிக் கை மேலே போய்ட்டு, பக்கத்துல இருக்கிற அம்மாவைப் பார்த்துட்டுக் கீழே வருது! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க. அந்த அக்கா கதைக்கு மட்டும் ஒரு நிமிஷம் கொடுங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாங்க. திரும்பி வரும்போது ஹேண்டில்பார்ல ஒரு பை நிறையப் பலாக்கொட்டை. அம்மா கொடுத்ததாம். எனக்கும் ரெண்டு கை அள்ளிக் கொடுத்து, ‘தம்பி, வழியில ஒரு கண்மாய் இருக்கு, இத்தனை வருஷம் பஸ்ல போயும் நான் பார்த்ததே இல்லை. இன்னைக்குத்தான் இறங்கிக் கால் கழுவுனேன்’னாங்க.