தட்டில் புரதம், சிறுநீரகத்தில் கல்



மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், செவிலியர்கள், ஆய்வு மாணவர்கள் பங்கேற்கும் இந்தச் சிறுநீரகக் கல் கருத்தரங்கு சிங்கப்பூரின் சைனாடவுனில் கூடுவது மிகப் பொருத்தம். ஸ்மித் ஸ்திரீட்டில் 200க்கும் அதிகமான கடைகள் கொண்ட உணவங்காடி நிலையம். நடந்துபோகும் தூரத்தில், ஊட்ரமில், சிங்கப்பூர் பொது மருத்துவமனை. முன்னதில் சாப்பிடுவதன் விளைவைப் பின்னதில் பார்க்க நேர்கிறது.

இங்கே பலரும் விரும்பிச் சாப்பிடும் பாக் கூட் தே ஒரு நல்ல சான்று. மிளகும் பூண்டும் போட்டுக் கொதித்த சாற்றில் பன்றி விலா எலும்பு; சாறு தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள்; தொட்டுக்கொள்ள சோயா சாஸ், பக்கத்தில் கடுந்தேநீர். இறைச்சிப் புரதம், பியூரின், உப்பு, தேநீரின் ஆக்சலேட் எனக் கல்லுக்கு வழிசெய்பவை எல்லாம் ஒரே வேளையில் சேர்கின்றன. எப்போதாவது சாப்பிட்டால் கேடில்லை. நாள்தோறும் இப்படி உண்டு, தண்ணீரும் குறைவாகக் குடித்தால்தான் சிக்கல்.

இறைச்சிப் புரதத்தில் உள்ள கந்தகம் உடலில் அமிலமாகிறது. அந்த அமிலச் சுமையால் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது. கல் படியாமல் காக்கும் சிட்ரேட் குறைகிறது. பியூரினால் யூரிக் அமிலம் கூடுகிறது. பருப்பு வகைப் புரதத்தில் இந்த அமிலச் சுமை குறைவு. 2002இல் அமெரிக்காவில் நலமுள்ள 10 பேர் ஆறு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதம் மிகுந்த உணவு உண்டபோது, இந்தக் கால்சியம், சிட்ரேட் மாற்றங்கள் இரண்டும் பதிவாயின.

கல் என்றதும் கால்சியம் உள்ள பாலை நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம். அது தவறு என்று அதே ஆண்டு இத்தாலியின் பார்மா நகர ஆய்வு காட்டியது. கல் திரும்பத் திரும்ப வந்த, சிறுநீரில் கால்சியம் மிகுந்த 120 ஆண்களை ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் வைத்து, இறைச்சியையும் உப்பையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 48 கிராம் புரதம் போதும் என்பது பொது அளவு. உடற்பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆனால் மூன்று வேளையும் கோழி, மீன் சாப்பிடும் இளைஞர், ஜிம்முக்குப் பிறகு கரண்டிக்கு 20 கிராமுக்குக் குறையாத புரதப் பொடியையும் கலக்குகிறார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

புரதக் கணக்கோடு தண்ணீர்க் கணக்கும் பார்க்க வேண்டும்; வெயிலில் உழைப்பவருக்கு அது இன்னும் முக்கியம். கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் நம் தமிழ் ஊழியர்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடுகிறது, சிறுநீர் சுண்டுகிறது. 2023இல் மனிதவள அமைச்சு வகுத்த வெப்ப நெறிமுறை, மணிக்கு 300 மில்லிலிட்டராவது தண்ணீர் குடிக்கச் சொல்கிறது. வெப்பப் பாதிப்பைத் தடுக்க வந்த அந்த நெறி, கல்லையும் தடுக்க உதவும்.

இந்த அரங்கின் அமர்வுகள் மூன்று பணிகளை ஏற்க வேண்டும். கல் நோயாளி என்ன உண்கிறார், எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்பதைச் சிகிச்சையின் பகுதியாக்குங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும், பாதித் தட்டில் காய்கறி பழம், கால் தட்டில் புரதம் என்ற அளவை உணவங்காடி உணவுகளைக் கொண்டே விளக்குங்கள். அறிவுரையைத் தமிழ் உட்பட நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும், ஊழியர் தங்கும் விடுதிகள் வரை கொண்டுசெல்லுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கு தொடங்குகிறது.