தேறலும் துவர்ப்பும்

குமணன்சாவடி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதிரமலைக் குமணன் தோன்றுவான். அத்தகைய புரவலர் புலவர்க்கு அளித்தவை பொன்னும் களிறும் மட்டுமல்ல. கள்ளும் தேறலும் அவற்றுள் அடங்கும். அதியமானை இழந்து ஔவையார் பாடிய கையறுநிலை (புறநானூறு 235), கள் சிறிதாயின் அதனைப் புலவர்க்கே ஈந்துவிடும் அவன் இயல்பை நினைந்தே தொடங்குகிறது. ஆகவே சுவைத்தற்குரிய சொற்களை ஆராய்வது இவ்வவைக்குப் புறம்பான செயலன்று.

பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலைக் குளிர்ச்சியும் மணமும் உடையதெனச் சிறப்பிக்கிறார் (புறநானூறு 56). புதுவைக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளின் இருபிடிச் சாடிகள் உடைந்த ஓடுகளாய்க் கிடைத்தன. புலவர் சொன்னதற்கு மண் சான்று தந்தது. நக்கீரர் அதன் விலையையோ அருமையையோ கூறவில்லை. நாவும் மூக்கும் உணர்ந்ததைக் கூறினார்.

அக்கடலின் கரையிலேயே, கி.மு. 118-இல் உரோமர் நார்போன் நகரை நிறுவிய தென்பிரான்சின் லாங்குதோக் நிலம் உள்ளது. அந்நாட்டார் திராட்சை மதுவைச் சுவைக்கும் முறை ஒரு கல்வி போன்றது. வெண்மது முதலில், செம்மது பின்னர். கிண்ணத்தைச் சாய்த்து நிறம் நோக்குவர். சுழற்றி மணம் கொள்வர். ஒரு மிடறு வாயில் உருட்டுவர். தேர்ந்தோர் விழுங்காமல் உமிழ்ந்துவிடுவர் என்பது மதுவிலக்கு அன்பர்களுக்கு ஆறுதல் தரலாம்!

வெண்மது, பழத்தைப் பிழிந்து எடுத்த சாறு மட்டும் புளித்து உண்டாவது. 'பிழி' என்ற நம் பழஞ்சொல் அதற்கு எத்துணைப் பொருத்தம்! தோ காயலருகே விளையும் பிக்பூல் மது எலுமிச்சைபோல் நாவைச் சுண்டும். சிப்பியுணவோடு அதனை அருந்துவர். செம்மதுவோ தோலும் விதையும் சாற்றோடு ஊறிப் புளிப்பது. கொர்பியேர்க் குன்றுகளின் காரிஞான், சிரா, கிரெனாஷ் பழங்களின் நிறமும் துவர்ப்பும் அத்தோலினின்று வருவன. கடுக்காயும் நாவற்பழமும் அறிந்த தமிழ் நாவுக்குத் துவர்ப்பை விளக்க வேண்டுவதில்லை. அறுசுவையுள் அதற்குத் தனியிடம் கொடுத்த மொழி இது. குப்பியின் மேல் அவர்கள் பொறிப்பது விளைந்த ஊரும் ஆண்டும். தொல்காப்பியர் முதற்பொருள் என்ற நிலமும் பொழுதும் அவையே.

இவ்வளவு இருந்தும், பிரெஞ்சுக் கதைகளைத் தமிழாக்குவோர் எல்லாவற்றையும் 'மது' என்றோ, அதனினும் கொடுமையாகச் 'சாராயம்' என்றோ எழுதி அமைகின்றனர். திராட்சைச் சாறு புளித்ததும் காய்ச்சி வடித்ததும் ஒன்றாகுமா? 'உலர்ந்த மது' என்றொரு தொடரும் காணப்படுகிறது. அது உலர்ந்ததன்று, பழத்தின் சர்க்கரை முழுதும் புளித்துத் தீர்ந்தமையால் இனிப்பற்றது. கள்ளுண்ணாமைக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவர் கள்ளைக் கடிந்தார், சொற்களைக் கடியவில்லை. நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என வேறுபடுத்தி உணர்ந்தோரின் வழிவந்த கவிஞர், அவ்வேறுபாட்டை அகராதிக்குள் அடைத்துவிட்டனர்.

ஸ்பெயின் எல்லையருகே பன்யுல்ஸ் என்னும் ஊரில், சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே வடிசாராயம் சேர்த்துப் புளிப்பை நிறுத்தி, பழத்தின் இனிப்பைக் காத்து வைப்பர். தேன், கள் என்னும் இருபொருளும் உடைய 'மட்டு' என்ற சொல்லை அதற்கு வழங்கிப் பார்க்கலாம்.