பட்டியலில் பெயரில்லை!



மருத்துவர் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "மருத்துவர் வசதி படைத்தவர், நிறுவனமோ அவரினும் வசதி படைத்தது, யானைக்கும் யானைக்கும் நடக்கும் போரில் நமக்கென்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பொறுத்துக் கேளுங்கள். ஒருவனுடைய பிழைப்பின் கதவை மற்றொருவன் காரணம் கூறாமல் அடைத்துவிடலாமா என்பதே அந்த வழக்கின் உயிர்நாடி. அந்தக் கேள்வி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று.

வழக்கு நடந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அந்நாட்டிலே உழைப்போரில் பெரும் பகுதியினருக்கு மருத்துவக் காப்பீடு வேலை தரும் முதலாளி வழியாகவே வருகிறது. காப்பீட்டு நிறுவனம் மருத்துவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். பட்டியலில் உள்ளவரிடம் சென்றால் நோயாளிக்குச் செலவு குறைவு. இல்லாதவரிடம் சென்றால் கைப்பணம் கரையும். மருத்துவரும் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே பட்டியலில் சேருகிறார். ஏனெனில் நோயாளிகள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். யார் கெட்டிக்கார மருத்துவர் என்று ஊரார் பேசிக்கொள்வது ஒருபுறம் இருக்க, எவர் வீட்டு வாசலில் கூட்டம் சேரும் என்பதை ஊரே பார்த்திராத ஓர் அலுவலகம் தீர்மானிக்கிறது!

ஆரஞ்சு கவுண்டியிலே பாட்வின் என்றொரு மகப்பேறு மருத்துவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தொழில் புரிந்தவர். அவ்வட்டார மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1990-இல் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் அவரைத் தன் பட்டியலில் சேர்த்தது. 1992 ஜூலைத் திங்களில் ஒரு கடிதம் வந்தது: ஆகஸ்டு 31-ஆம் நாளோடு உம் பெயர் நீக்கப்படுகிறது என்று. காரணம் என்ன என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் பாரும் என்றார்கள். பார்த்தால், இரு தரப்பில் எவரும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, காரணத்தோடோ காரணமின்றியோ விலகலாம், விலக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மருத்துவர் விலகினால் நிறுவனத்துக்கு ஒரு பெயர் குறையும். நிறுவனம் விலக்கினால்?

விடாமல் கேட்ட பிறகு காரணமும் வந்தது. இரண்டுக்கு மேற்பட்ட சிகிச்சைத் தவறு வழக்குகளோ, அவற்றுக்காக 50,000 டாலர் இழப்பீடோ உடையவரைப் பட்டியலில் வைப்பதில்லை என்பது நிறுவனத்தின் அளவுகோலாம். பாட்வின்மீது நான்கு வழக்குகள் இருந்தன. மூன்றினைத் தொடுத்தவர்களே கைவிட்டனர். நான்காவது 7,13,000 டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. இதை நான் மறைக்கப் போவதில்லை. நமக்குப் பிடித்த வழக்கு என்பதற்காகக் கணக்கை மாற்றிச் சொல்லும் பழக்கம் நமக்கு வேண்டாம். அந்த நான்கு வழக்குகளுமே 1990-க்கு முற்பட்டவை. அவை நடந்த பின்னர்தான் அதே நிறுவனம் அவரை வரவேற்றுப் பட்டியலில் சேர்த்தது! அன்று கண்ணுக்குத் தெரியாத குற்றம் 1992-இல் எப்படிப் பெரிதாயிற்று? இதைக் கேட்கத்தான் ஒரு விசாரணை வேண்டும் என்றார் பாட்வின். பதில் இல்லை.

பிறகு நிகழ்ந்ததாக அவர் கூறியதைக் கேளுங்கள். ஒரு நிறுவனம் நீக்கிய செய்தியை மற்ற நிறுவனங்களுக்கும் அவர் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தார், அவையும் நீக்கின. மருத்துவர் குழுக்கள் அவரைச் சேர்க்க மறுத்தன. முன்பு வந்த நோயாளிகளில் சிறு பகுதியினரே எஞ்சினர். உரிமத்தை அரசு பறிக்கவில்லை. அவருடைய கையும் கற்ற கல்வியும் அப்படியே இருந்தன. பட்டியலில் பெயர் மட்டும் இல்லை!

"கையெழுத்துப் போட்டவர் தாமே? பிறகு முறையிடுவானேன்?" என்று கேட்டது நிறுவனம். முதல் நீதிமன்றமும் அதை ஏற்று, விசாரணைக்கே இடமின்றி வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2000 மே 8-ஆம் நாள் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது.

அந்தத் தீர்ப்பு எந்த வேரிலிருந்து கிளம்பியது என்பதைத்தான் தொழிலாளத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலம். சாசலிட்டோ என்னும் ஊரிலே மாரின்ஷிப் என்ற கப்பல் கட்டும் தளம். சங்கத்தில் உறுப்பினரானால்தான் அங்கே வேலை. அந்தச் சங்கமோ கருப்பினத் தொழிலாளரைச் சமமாகச் சேர்க்க மறுத்து, துணைச் சங்கம் என்ற தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னது. தொழிலாளர் சங்கமே இந்த அநீதியைச் செய்தது என்பது நமக்குக் கசக்கும். கசந்தாலும் உண்மை அதுதான். ஜோசப் ஜேம்ஸ் என்ற தொழிலாளியும் தோழர்களும் மறுத்து நின்றார்கள், வழக்காடினார்கள். வேலைக்கான கதவைக் கையில் வைத்திருக்கும் அமைப்பு, தன் கதவை மனம்போல் மூடிக்கொள்ள முடியாது என்று 1944-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில், 1969-இலும் 1974-இலும், சங்கத்தில் இடம் மறுக்கப்பட்ட பல் மருத்துவர் ஒருவருக்கு அந்த நெறி பயன்பட்டது. 2000-இல் பாட்வினுக்கும் பயன்பட்டது. கப்பல் தளத்துத் தொழிலாளி வென்றெடுத்த உரிமையின் நிழலில் மகப்பேறு மருத்துவர் வந்து நின்றார்!

நீதியரசர் கென்னார்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஒரு வட்டாரத்தில் தகுதியுள்ள மருத்துவர் தொழில் நடத்துவதையே பெரிதும் பாதிக்கும் அளவுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வலிமை இருக்குமானால், அந்நிறுவனம் நியாயமான நடைமுறையின்றி அவரை நீக்கக் கூடாது. அந்த உரிமையை ஒப்பந்தத்தில் உள்ள 'காரணமின்றி' என்ற சொல் பறித்துவிட முடியாது. நால்வர் இதற்கு உடன்பட்டனர். நீதியரசர் பிரவுனோடு சேர்ந்து மூவர் மறுத்தனர். இருவர் மனமொப்பிச் செய்த வணிக ஒப்பந்தத்திற்குள் நீதிமன்றம் ஏன் புக வேண்டும் என்பது அவர்கள் வாதம். தள்ளிவிடத்தக்க வாதமன்று அது. இருவருக்கும் வலிமை சமமாக இருந்தால் நானே அதை ஒப்புவேன். ஒருவனிடம் பேனா மட்டும் இருக்கிறது, மற்றவனிடம் நோயாளிகள் அனைவரும் இருக்கிறார்கள் என்றால், மனமொப்புதல் எங்கே இருக்கிறது?

வெற்றி என்று துள்ள வேண்டாம். பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டுமென்று மன்றம் சொல்லவில்லை. காரணம் சொல், அவர் பதிலைக் கேள், பிறகு முடிவு செய் என்பதே கிடைத்தது. நிறுவனத்துக்கு அத்தனை வலிமை உண்டு என்று மெய்ப்பிக்கும் சுமையும் மருத்துவர் தலையிலேயே விழுந்தது. இந்த அளவுக்கு வந்து சேரவே 1992-இலிருந்து 2000 வரை எட்டு ஆண்டுகள் ஆயின. சின்ன ஊரிலே தனியாகத் தொழில் புரியும் மருத்துவர் எட்டு ஆண்டு வழக்காட எங்கே போவார்?

இத்தனையிலும் எவர் பெயரும் சொல்லாமல் விடுபட்டவள் ஒருத்தி உண்டு. ஆகஸ்டு 31-க்கு முன்னர் அத்தகைய மருத்துவரிடம் வந்துகொண்டிருந்த கருவுற்ற பெண். அவளுக்கு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து இல்லை. மருத்துவரின் ஒப்பந்தம் முறிந்தாலும், தரக்குறைவோ மோசடியோ காரணமாக இல்லாதபோது, பழைய மருத்துவரிடமே பழைய கட்டண முறையிலே 90 நாள் வரை தொடரலாம் என்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இப்போது கூறுகிறது. மூன்றாம் மாதத்திலே அந்தக் கடிதம் வந்தால், ஆறாம் மாதம் வரை! அதற்குமேல், பேறுகாலம் முடியும் வரை பழைய மருத்துவரிடமே இருக்க வழி செய்திருப்பது கலிபோர்னியாவின் மாநிலச் சட்டம்தான்.