வரம்புக் கோடும் வயிற்றுக் கணக்கும்



பொருநைக் கரையிலுள்ள முக்கூடலைப் பீடித் தொழிலின் பெயரால் அறியாதார் நெல்லைப் பக்கத்தில் இலர். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடிமேல் முறம் வைத்து, நனைத்த இலையைக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்களின் விரல்களே அவ்வூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் அடுப்பெரியச் செய்துவந்தன. அப்பெண்களின்மேல் ஒரு பழி சுமத்தப்படுகிறது. "கூடுதல் கூலி தரும் வேலை வந்தாலும் போகமாட்டார்கள், அரசு தரும் உதவிகள் அவர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டன" என்பதே அப்பழி. நாளெல்லாம் குனிந்தமர்ந்து, புகையிலைத் தூளை மூச்சோடு உள்ளிழுத்து உழைப்பவளைச் சோம்பேறி என்று கூறும் நா, அவள் மனத்துள் போடும் கணக்கை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

அக்கணக்கைக் கேட்டல் வேண்டும். பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. பீடித் தொழிலாளர் நல நிதியச் சட்டம் 1976இல் வந்தது. அடையாள அட்டை பெற்ற தொழிலாளிக்கும் அவள் குடும்பத்துக்கும் மருத்துவமும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் அந்நிதியத்தின் வழியே கிடைத்தன. நிதியத்துக்கென்று விதிக்கப்பட்டிருந்த தனித் தீர்வை, சரக்கு சேவை வரி வந்த 2017இல் நீக்கப்பட்டது. அதன்பின் அச்செலவை நடுவணரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே தந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 உருபா முதல், தொழிற்கல்வி பயிலும் பிள்ளைக்கு 25,000 உருபா வரை உதவித்தொகை வகுக்கப்பட்டது. பெற்றோருள் ஒருவரேனும் ஆறு திங்களுக்குக் குறையாமல் அத்தொழிலில் இருந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கட்டுப்பாடு. ஆக, உதவி அட்டையைத் தொடர்கிறது. அட்டை தொழிலைத் தொடர்கிறது. தொழிலை விட்டவளை இவ்விரண்டும் தொடர்வதில்லை.

அவளுக்குத் திருநெல்வேலியில் ஒரு துணிக்கடை வேலை வருவதாகக் கொள்க. திங்கட் கூலி கூடுகிறது. ஆனால், கல்லூரியில் பயிலும் மகளின் உதவித்தொகை என்னாகும்? எட்டாண்டு வைப்பு நிதி கட்டியவளாயின் அவள் ஓய்வூதியம் என்னாகும்? பீடித் தொழிலாளர்க்கு வருங்கால வைப்பு நிதி 1977இல் விரிவாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டமோ பத்தாண்டுப் பணியைக் கேட்டது. அதன் கீழெல்லை 2014இல் திங்களுக்கு 1,000 உருபா என்று வரையறுக்கப்பட்டது. எட்டாம் ஆண்டில் பதிவில்லாத கடைக்குப் போனவள், மீண்டும் பதிவுள்ள வேலையில் சேர்ந்து எஞ்சிய ஆண்டுகளை நிறைத்தாலன்றி, அவ்வோய்வூதியத்தை அடையாள். இன்று கூடும் கூலிக்கு முதுமையின் கஞ்சியை விலையாகக் கேட்டால், அவள் தயங்காமல் என்செய்வாள்?

தொழிலோடு கட்டுண்ட உதவிகள் இவை. வருவாயோடு கட்டுண்ட உதவிகளின் கணக்கு இதனினும் கொடிது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருவாய் 1,20,000 உருபாவுக்கு மேற்படலாகாது என்று 2022இல் வரம்பிடப்பட்டது. ஆண்டுக்கு 1,15,000 உருபா ஈட்டும் குடும்பத்துக்குத் திங்களுக்கு 1,000 உருபா கூடினால், வருவாய் 1,27,000 ஆகிறது. கூடியது 12,000, கைவிட்டுப் போவதோ 5 இலக்கம் உருபா வரையிலான மருத்துவக் காப்பு! பதிவுள்ள பெரிய நிறுவனமாயின் தொழிலாளர் ஈட்டுறுதி கைகொடுக்கும். நாலைந்து பேர் வேலை செய்யும் கடையில் அதுவும் இல்லை.

மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்க. 2023இல் அது தொடங்கப்பட்டபோது, ஆண்டு வருவாய் 2,50,000 உருபாவுக்குட்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா என்று வகுக்கப்பட்டது. 2,44,000 ஈட்டும் குடும்பம் இன்னும் 12,000 ஈட்டினால் 2,56,000 ஆகும். கோடு தாண்டியது, 12,000 போயிற்று. பன்னிரு திங்கள் கூடுதலாக உழைத்ததன் பயன் சுழியம்! இதனை எண்ணிப் பின்வாங்குபவள் அறிவிலி அல்லள், கணக்கறிந்தவள்.

இதனால் ஊதியம் பெறுவார் யார்? "என் பெயரை ஏட்டில் எழுத வேண்டா" என்று தொழிலாளியே சொல்லும் நிலை வந்தால், வைப்பு நிதி கட்ட வேண்டாத முதலாளிக்கு அதனினும் இனிய சொல் உண்டா? வரம்புக் கோட்டுக்கு அஞ்சி மறைந்து உழைப்பவள், கூலி குறைந்தாலும் முறையிட முடியாள். ஏழைக்குக் காவலாக இடப்பட்ட கோடு, அவளைச் சுரண்டுவார்க்கு வேலியாகிவிடுகிறது.

உதவி என்பதே உழைப்பைக் கெடுக்கும் என்பார்க்குத் தமிழகமே விடை சொல்லும். நடுவணரசு 1997இல் பொது வழங்கலை வறியோர், வறியரல்லாதோர் என்று கூறுபோட்டபோது, தமிழகம் அதனை எல்லார்க்கும் உரியதாகவே வைத்துக்கொண்டது. 1982இல் விரிந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலையுணவும் பிள்ளையின் தந்தை எவ்வளவு ஈட்டுகிறார் என்று கேட்டுச் சோறிடவில்லை. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைத்த கட்டணமில்லாப் பயணமும் வருவாய்ச் சான்று கேட்கவில்லை. அரிசி போய்விடும் என்று அஞ்சி வேலையை மறுத்தார் யார்? பேருந்தோ, வேலைக்குப் போகும் வழியையே திறந்துவிட்டது! கோடில்லாத உதவி உழைப்புக்கு ஊன்றுகோல்; கோடுள்ள உதவி உழைப்பவளின் காலில் தளை.

எல்லா உதவியையும் எல்லார்க்கும் தர அரசிடம் பொருளில்லை என்பர். அங்ஙனமாயின் கோட்டைச் சரிவாக்குக! பிரித்தானியத்தின் ஒருங்கு உதவித் திட்டத்தில், ஈட்டம் கூடக்கூட உதவி படிப்படியாகக் குறையும். ஒரு பவுண்டு கூடினால் 63 காசு கழியும் என்றிருந்ததை 2021இல் 55 காசாகக் குறைத்தனர். அதுவும் பெருங்கழிவே, எனினும், ஓர் உருபா மிகுந்ததற்காக முழுவதும் அறுந்துபோகும் நிலையினும் மேலானது.

எனவே கேட்க வேண்டியவை தெளிவானவை. தொழில் மாறியவளின் அட்டை சில ஆண்டுகளேனும் செல்லுபடியாதல் வேண்டும். படிக்கத் தொடங்கிய பிள்ளையின் உதவித்தொகை படிப்பு முடியும்வரை தொடர்தல் வேண்டும். வருவாய் கோட்டைத் தாண்டினால் உதவி ஒரே நாளில் அறாமல் படிப்படியாகக் குறைதல் வேண்டும். எவ்வளவு ஈட்டினால் எது போகும் என்பது, எழுத்துக்கூட்டிப் படிப்பவளுக்கும் விளங்கும் எளிய தமிழில் ஒவ்வோர் அலுவலக வாயிலிலும் எழுதப்படுதல் வேண்டும்.

அரசே அத்தொகைக்கு 'உரிமை' என்று நல்ல தமிழ்ப் பெயர் வைத்தது. உரிமை என்றபின், உழைத்தாள் என்பதற்காக அதனைப் பறித்தல் அச்சொல்லுக்கே இழுக்கன்றோ!