சேர்ந்து சென்றால் நாணமில்லை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் கூத்தும் நிறைந்த இம்மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நமக்கு உடல் நலமே முதல் உடைமை. ஆகவே, பேசத்தான் வேண்டும்.

காசநோயும் எச்.ஐ.வி.யும் வெவ்வேறு நோய்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அவை கூட்டாளிகள். எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது. உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்துக் கொள்கிறது. ஒன்றை மட்டும் கண்டு மற்றதைக் காணாது விட்டால் மருத்துவம் முழுமை பெறாது. இதனாலேயே ஒரு நோய் கண்டவருக்கு மற்றொன்றின் சோதனையையும் செய்வது நம் நாட்டு மருத்துவ முறையாயிற்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் நோய்களுக்கும் 2018 முதல் தேசியத் திட்டம் உண்டு. இச்சோதனைகளுக்கு அரசு நிலையங்களில் கட்டணமில்லை.

பின்னர் தடை யாது? நாணமே! "இவர் ஏன் அங்கே சென்றார்?" என்று அண்டை வீட்டார் கேட்பரோ என்னும் அச்சமே. அந்த அச்சத்தால் இருமலை மறைத்து வேலைக்குச் செல்வோர் நம்மிடையே இலரா? முறையாக மருந்துண்டால் காசநோய் பெரும்பாலும் தீரும். வீட்டிலிருந்தபடியே அவ்வாறு குணம் பெறலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியதே நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். எச்.ஐ.வி.யையும் மருந்தால் அடக்கி நெடுநாள் வாழலாம். காலந்தாழ்த்துவதே கேடு.

நாணத்தை வெல்லும் வழியைக் கென்யா நாட்டின் மேற்குப் பகுதி மக்கள் 2008இல் காட்டினர். கொசுவலையும் நீர் வடிகட்டியும் வழங்கிய முகாம்களிலேயே எச்.ஐ.வி. சோதனையும் நடந்தது. ஏழே நாட்களில் 40,000 பேருக்கு மேல் வந்தனர். ஊரே வந்த இடத்தில் யார் எதற்கு வந்தார் என்று எவர் கேட்பார்?

நாமும் அவ்வாறே செய்வோம். காலனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் கூட்டுவோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் இடத்திலேயே இச்சோதனைகளும் நடைபெறட்டும். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என வழங்கும் அரசுச் சோதனை நிலையங்கள் நாடெங்கும் உள்ளன; அவற்றின் உதவியை நாடுவோம். எச்.ஐ.வி. சோதனைக்கு ஒருவரது இசைவு வேண்டும். முடிவைப் பிறர் அறியலாகாது. இது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அதை வரி பிசகாது காப்போம்.

செயற்குழுவினராகிய நாங்கள் குடும்பத்தோடு வரிசையில் முதலில் நிற்போம். எங்கள் பின்னே நீங்கள் அனைவரும் வருக!