வெமோர்க்கின் கனநீர்: நார்வே எதிர்ப்பியக்கமும் நாசவேலையின் அறமும்

நார்வேயின் டெலிமார்க் பகுதியில், ரியூக்கான் நகரை அடுத்த மலைச்சரிவில் வெமோர்க் நீர்மின் நிலையம் அமைந்துள்ளது. 1911இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் மின்சாரத்தைக் கொண்டு நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் உரத் தயாரிப்புக்கான ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரித்தெடுத்தது. மின்னாற்பகுப்பில் எஞ்சும் நீரில் கனநீர் செறிந்திருந்தது. லெய்ஃப் டிரான்ஸ்டாட், யோமார் புருன் ஆகியோரின் திட்டப்படி அதைச் சேகரிக்கும் பிரிவு 1930களின் நடுவில் உருவாயிற்று. அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீர் பயன்படும். 1940 ஏப்ரல் 9 அன்று நார்வேமீது படையெடுத்த ஜெர்மனி, ஆலையைக் கைப்பற்றி உற்பத்தியைப் பெருக்கியது.

பிரிட்டனுக்குத் தப்பிச் சென்ற டிரான்ஸ்டாட், தாம் வடிவமைத்த ஆலையையே அழிக்கும் திட்டத்துக்குத் துணைநின்றார். பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே வீரர்கள் நால்வர், யென்ஸ்-ஆன்டன் பவுல்சன் தலைமையில் 1942 அக்டோபர் 18 அன்று ஹார்டங்கர் பீடபூமியில் பாராசூட்டில் இறங்கினர். நவம்பர் 19 அன்று ஆலையைத் தாக்கக் கிளைடர்களில் வந்த பிரிட்டிஷ் வீரர்கள் விபத்தில் சிக்கினர். உயிர் பிழைத்தவர்களை ஜெர்மானியர் கொன்றனர். நால்வரும் பாசியையும் வேட்டையாடிய துருவ மானையும் உண்டு அந்தக் குளிர்காலத்தைக் கடந்தனர்.

1943 பிப்ரவரியில் யோஆகிம் ரென்னபெர்க் தலைமையில் மேலும் அறுவர் வந்து சேர்ந்தனர். ஆலைக்குச் செல்லும் தொங்குபாலத்தில் காவல் இருந்தது. அங்கே மோதினால் காவலர்களைக் கொல்ல நேரும். பழிவாங்கல் ஊர்மக்கள்மேல் விழும். ஆகவே பிப்ரவரி 27 இரவு ஒன்பது பேர் செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ச்சரிவில் ஏறினர். ரென்னபெர்க்கும் ஒரு தோழரும் மின்கம்பிவடங்கள் செல்லும் சுரங்கவழியாக உள்ளே தவழ்ந்தனர். 18 கனநீர்க் கலன்களிலும் வெடிமருந்து கட்டப்பட்டது. இது பிரிட்டிஷ் படைவீரர்களின் செயல் என்று தெரியும்படி ஒரு துப்பாக்கி அங்கே விடப்பட்டது. சுமார் 500 கிலோ கனநீர் அழிந்தது. ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. ஐவர் பனிச்சறுக்கில் சுமார் 400 கிலோமீட்டர் கடந்து சுவீடனை அடைந்தனர்.

சில மாதங்களில் ஆலை மீண்டும் இயங்கியது. 1943 நவம்பர் 16 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. அதில் 20க்கும் மேற்பட்ட நார்வேக் குடிமக்கள் மாண்டனர். அதன்பின் இருப்பிலிருந்த கனநீரை ஜெர்மனிக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடாயிற்று. அது டின் ஏரியை ஹைட்ரோ என்ற படகில் கடக்க வேண்டும். அதே படகில் பொதுமக்களும் செல்வர். ஆலைத் தாக்குதலில் பங்கேற்றபின் மலையிலேயே தங்கிவிட்ட க்னூட் ஹவுகெலிட், பயணிகள் குறைவாக வரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தார். யாரையும் எச்சரித்தால் திட்டம் வெளிப்பட்டுவிடும். அவரும் தோழர்களும் அலாரக் கடிகாரங்களோடு இணைத்த வெடிமருந்தைப் படகின் அடித்தளத்தில் வைத்தனர். 1944 பிப்ரவரி 20 காலை, ஆழமான இடத்தில் படகு மூழ்கியது. 14 நார்வேக்காரரும் 4 ஜெர்மானியரும் இறந்தனர்.

ஜெர்மனி அணுகுண்டை நெருங்கவே இல்லை என்பது போருக்குப் பின் தெளிவாயிற்று. வெடிவைத்தவர்களிடம் அந்த அறிவு இல்லை. கனநீர் எதிரியின் கையில் பேராயுதமாகலாம் என்ற அச்சமே இருந்தது. ஆலையில் ஒருவரையும் சாகவிடாமல் காத்த அதே இயக்கம், ஏரியில் சொந்த மக்களின் உயிரை விலையாகக் கொடுத்தது. வெமோர்க்கின் வீரத்தை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். பழைய மின் நிலையம் இன்று தொழிலாளர் அருங்காட்சியகமாக விளங்குகிறது.